முண்டாசு தந்த விடுதலை

டேராடூன் சிறைமுகாம். 1944 ஏப்ரல் 29. முள்வேலி பழுது பார்க்கும் கூலிக் கூட்டமொன்று வாயிலை நோக்கி வருகிறது. தலையிலே முண்டாசு. சுமப்பதோ ஏணியும் கம்பிச் சுருளும். உடன் பிரிட்டிஷ் அதிகாரிகள் இருவர். காவலர் தடுக்கவில்லை. கூட்டம் வெளியேறிவிட்டது.

அத்தனை பேரும் கைதிகள்! அதிகாரி வேடத்தில் இருவர். கூலி வேடத்தில் ஐவர். தலையை மழித்து, முகத்திலே சாயம் பூசி நடந்த அந்த ஐவரில் ஒருவர்தான் ஹைன்ரிக் ஹாரர்.

1912-இல் ஆஸ்திரியாவிலே அஞ்சல் ஊழியர் மகனாகப் பிறந்தவர். எத்தனையோ உயிர் குடித்த ஐகர் மலையின் வடமுகத்தை 1938 ஜூலையில் முதன்முதல் ஏறி முடித்த நால்வரில் ஒருவர். 1939-இல் நங்க பர்வதத்துக்கு வழி தேடி வந்து, ஊர் திரும்பக் கராச்சியிலே கப்பலுக்குக் காத்திருந்த வேளையில் யுத்தம் மூண்டது. எதிரி நாட்டார் என்று பிரிட்டிஷ் அரசு பிடித்து அடைத்தது.

முன்பும் தப்பினார், பிடிபட்டார். இம்முறை சிக்கவில்லை. நண்பர் பீட்டர் ஆஃப்ஷ்னைட்டருடன் இமயத்தைத் தாண்டித் திபெத்துக்குள் நுழைந்தார். உறைய வைக்கும் குளிர், ஒட்டிய வயிறு, கந்தல் உடை. 20 மாதங்களுக்கு மேல் அலைந்து, 1946 ஜனவரி 15-இல் லாசா சேர்ந்தனர். சிறுவராயிருந்த தலாய் லாமாவுக்கு ஆங்கிலமும் பூகோளமும் கற்றுத் தந்தார். பின்னாளில் அவர் எழுதிய திபெத் நூல் உலகெங்கும் விற்றது. 1997-இல் திரைப்படமாகவும் வந்தது.

அந்த 1997-இல்தான் இன்னொரு வேடமும் கலைந்தது! 1938-இலேயே ஹிட்லரின் நாஜிக் கட்சியிலும் எஸ்.எஸ். படையிலும் அவர் சேர்ந்திருந்ததைப் பழைய ஏடுகள் அம்பலப்படுத்தின. மனிதரைப் பிறப்பால் தரம் பிரித்து, தாழ்ந்தவர் என்று முத்திரை குத்தியோரைக் கொன்று குவித்த படை அது. கொலையில் அவர் கைபட்டதாகச் சான்றில்லை. இளமையில் செய்த பிழை என்றார். ஆயினும் அதைச் சொல்ல அரை நூற்றாண்டுக்கு மேலா? ஐகரிலே நடுங்காத கால், உண்மையின் முன்னே நடுங்கியதே! 2006-இல் 93-ஆம் வயதில் மறைந்தார்.

அன்று வாயிற்காவலர் ஏன் தடுக்கவில்லை? கூலிக்காரன் முகத்தை எவன் உற்றுப் பார்க்கிறான்? உயர்ந்த இனம் என்று மார்தட்டிய அணியில் நின்றவருக்கு விடுதலை வாங்கித் தந்தது, நம் உழைப்பாளியின் முண்டாசு!

யுத்தகால மலைநடை இளையாத்தங்குடி முதலான செட்டிநாட்டு ஊர்களுக்கும் புதிதல்ல. 1942-இல் ஜப்பான் பர்மாவுக்குள் புகுந்தபோது, லேவாதேவிக்குப் போனவரும், மூட்டை சுமக்கப் போன தமிழ்த் தொழிலாளரும், கப்பலில் இடமின்றி, அரக்கான், அசாம் மலைகளை நடந்தே கடந்தனர். பசியாலும் காலராவாலும் வழியிலே விழுந்தோர் பல்லாயிரவர். அவர்கள் முகத்தை எந்தத் திரைப்படம் காட்டிற்று?

ஹாரரின் துணிவை நாம் மறுக்கவில்லை; மலை ஏறியவர் அவர். ஆனால் தோழர்களே, அவர் கதையைப் படிக்கும்போது, அந்த வாயிலை எவர் கோலத்தில் அவர் கடந்தார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்!