மாமரத்தடியில் ஒரு மருத்துவமனை

பிறந்த நாள் வந்தால் புத்தாடை உடுத்துகிறோம். வகுப்பில் மிட்டாய் வழங்கி மகிழ்கிறோம். நாம் பிறந்த அந்த நாளில் நம் அன்னையர் வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவே நின்றார்கள் என்பதை எண்ணிப் பார்க்கிறோமா, தோழியரே? அதனை எண்ணி, தம் வாழ்நாளையே ஆப்பிரிக்கத் தாய்மாருக்கும் சேய்களுக்கும் ஈந்தவர் அன்னை மேரி கெவின்.

அயர்லாந்து நாட்டின் ஆர்க்லோ என்னும் ஊரருகே 1875-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் அவர் பிறந்தார். இயற்பெயர் தெரசா கியர்னி. பிறக்கும் முன்பே தந்தையை இழந்தார்; பத்து வயதில் தாயையும் இழந்தார். தாயில்லாத் துயரை அறிந்த அச்சிறுமியே பின்னாளில் எண்ணற்றோருக்குத் தாயானாள் என்பது இறைவனின் திருவுளம் அன்றோ!

1895-இல் லண்டனில் பிரான்சிஸ்கன் கன்னியர் மடத்தில் சேர்ந்து, 1898-இல் துறவற வார்த்தைப்பாடு அளித்தார். 1902 டிசம்பரில் சகோதரிகள் அறுவர் உகாண்டா நாட்டிற்குப் புறப்பட்டனர். அவர்களுள் அவரும் ஒருவர். 1903 ஜனவரி 15-ஆம் நாள் கம்பாலா நகருக்கு அருகிலுள்ள நசாம்பியா குன்றை அடைந்தனர்.

அங்கே மருத்துவமனைக் கட்டடம் ஏது? ஒரு மாமரமே இருந்தது. மாமரம் என்றதும் நமக்கு மாங்காயும் கல்லும்தான் நினைவுக்கு வரும். அவர்களுக்கோ அதன் நிழலே மருந்தகமாயிற்று. நோயுற்றோர் நாள்தோறும் அங்கு வந்து கூடினர்.

அந்நாட்டில் பிரசவத்தின்போது தாய்மார் பலர் மாண்டனர். பச்சிளங் குழந்தைகளும் மாண்டன. ஆனால் துறவறச் சகோதரிகள் பிரசவம் பார்ப்பதை அக்காலத் திருச்சபைச் சட்டம் அனுமதிக்கவில்லை. கண்ணெதிரே ஒரு தாய் துடிக்கிறாள்; கையோ கட்டப்பட்டிருக்கிறது. அந்த நிலையில் நாம் இருந்தால் என்ன செய்திருப்போம்?

அன்னை கெவின் கீழ்ப்படிதலையும் விடவில்லை, முயற்சியையும் விடவில்லை. துறவறம் பூணாத மருத்துவரான ஈவ்லின் கானலி அம்மையாரின் துணையோடு, உகாண்டாப் பெண்களுக்குச் செவிலியர் பயிற்சியும் மருத்துவச்சிப் பயிற்சியும் அளிக்கும் பள்ளியை 1920-களின் தொடக்கத்தில் நசாம்பியாவில் ஏற்படுத்தினார். அந்நியர் ஒருவர் எத்தனை ஊருக்குத்தான் செல்ல முடியும்? அந்த ஊர்ப் பெண்ணே மருத்துவச்சியானால் தாய்மாரின் மொழியும் அறிவாள். கூப்பிட்ட குரலுக்கு ஓடியும் வருவாள். பின்னர் 1936-இல் ரோமாபுரி அத்தடையை நீக்கியது. சகோதரிகளும் மருத்துவச்சிக் கல்வி பெற வழி பிறந்தது.

1923-இல் உகாண்டாப் பெண்களுக்கென்றே புனித பிரான்சிஸ்குவின் சிறிய சகோதரிகள் சபையை அன்னை தொடங்கினார். நியெங்கா, புலுபா ஆகிய ஊர்களில் தொழுநோயாளருக்கு இல்லங்கள் எழுந்தன. 1955-இல் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றும் ஓய்ந்திருக்கவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தங்கி, ஆப்பிரிக்கப் பணிக்காக நிதி திரட்டினார். அங்கேயே 1957 அக்டோபர் 17-ஆம் நாள், 82-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

அவரது உடல் அயர்லாந்தில் அடக்கம் செய்யப்பட்டது. உகாண்டா மக்களுக்கு மனம் பொறுக்கவில்லை; தங்கள் தாய் தங்கள் மண்ணிலேயே துயில வேண்டுமென வேண்டினர். அவ்வாறே அவர் உடல் உகாண்டாவுக்குக் கொண்டுவரப்பட்டு, நகோகோன்ஜெரு என்னும் ஊரில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. அம்மக்கள் அவரை மாமா கெவினா என்றழைத்தனர். கெவினா என்ற பெயரே அங்கு மருத்துவமனைக்கு வழங்கும் சொல்லாயிற்று. இதைவிடச் சிறந்த நினைவுச்சின்னம் வேறு உண்டோ?

ஆப்பிரிக்கச் சிற்றூர்கள் பலவற்றில் இன்றும் பிரசவத்தில் தாய்மார் இறக்கின்றனர். அன்னை தொடங்கிய பணி இன்னும் முடியவில்லை. நம்முள் சிலர் நாளை செவிலியராகலாம், மருத்துவராகலாம். அதற்கு முன் இன்றே நம்மால் இயன்றது ஒன்றுண்டு. அடுத்த பிறந்த நாளில் முதல் மிட்டாயை நம் அன்னையின் கையில் கொடுப்போம்.