கலைந்த கூந்தலும் தொட்டிற்கயிறும்
யோசானோ அகிகோவின் வாழ்வும் கவிதையும்

மகப்பேற்றைப் பெண்ணின் மறுபிறவி என்பது தமிழ் வழக்கு. அம்மறுபிறவி எடுத்து மீள்பவள் தன் பழைய பிறவியின் கவிதையையும் உடன் கொணர்கிறாளா, அன்றி அதனை அக்கரையிலேயே விட்டு வருகிறாளா என்னும் வினாவிற்கு இலக்கிய வரலாறு எளிதில் விடை கூறுவதில்லை. தாயான பின் எழுதாமற் போனவர்களின் பெயர்கள் ஏட்டில் ஏறுவதில்லை. எழுதியவர்களைப் போற்றுவோரும் அவர்கள் தாயராக இருந்ததை ஓர் அடிக்குறிப்பாகவே கருதிச் செல்வர். பதின்மூன்று மகவு ஈன்று, பதினோரு மக்களை வளர்த்து, எழுத்தின் வருவாயாலேயே பெரும்பகுதியும் அவர்களைக் காத்த ஜப்பானியக் கவிஞர் யோசானோ அகிகோவின் வாழ்வில் அவ்வினாவிற்கு ஒரு விடை உண்டு. அவ்விடை நேரானதன்று, முரண்கள் நிறைந்தது.

சகாய் நகரத்துப் பண்டக்கடை

அகிகோ 1878 ஆம் ஆண்டு டிசம்பர் 7 ஆம் நாள், ஒசாகாவை அடுத்த சகாய் என்னும் பழைய துறைமுக நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஹோ ஷோ. குடும்பத்தார், செம்பயறும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் யோகான் என்னும் இனிப்புக்குப் பெயர்பெற்ற கடையை நடத்தி வந்தனர். கடைக் கணக்குப் பார்த்தும் பண்டங்களைப் பொதிந்தும் பகற்பொழுதைக் கழித்த அச்சிறுமி, ஓய்ந்த வேளைகளில் வீட்டிலிருந்த பழைய நூல்களைத் தேடிப் படித்தார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரண்மனைப் பணியில் இருந்த முராசாகி ஷிகிபு என்னும் பெண்மணி இயற்றிய ‘கெஞ்சியின் கதை’ அவர் உள்ளத்தை ஆட்கொண்டது. ஆசிரியர் துணையின்றித் தாமே பயின்ற அந்நூல் அவரை வாழ்நாள் முழுதும் பற்றி நின்றது.

1900 ஆம் ஆண்டில் யோசானோ தெக்கன் என்னும் கவிஞரை அவர் சந்தித்தார். ஹிரோஷி என்னும் இயற்பெயர் கொண்ட தெக்கன், 1899 இல் புதிய கவிதைக் கழகத்தைத் தோற்றுவித்து, மறு ஆண்டு ‘மியோஜோ’ என்னும் ஏட்டைத் தொடங்கியிருந்தார். விடிவெள்ளி என்பது அப்பெயரின் பொருள். கவிதை காதலாயிற்று. 1901 இல் அகிகோ பிறந்த வீட்டைத் துறந்து டோக்கியோ சென்றார். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் ‘மிதரேகமி’, அஃதாவது ‘கலைந்த கூந்தல்’ வெளிவந்தது. அவ்வாண்டிலேயே இருவரும் மணம் புரிந்தனர்.

முப்பத்தோர் அசைகளில், ஐந்து ஏழு ஐந்து ஏழு ஏழு என அமைவது தன்கா என்னும் மரபுப் பா. பருவங்களையும் மலர்களையும் பாடிப் பாடித் தேய்ந்திருந்த அச்சிறு வடிவிற்குள், இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி தன் உடலையும் வேட்கையையும் தன்மைக் கூற்றாகவே வைத்துப் பாடிய 399 பாடல்கள் அத்தொகுப்பில் இருந்தன. இளைஞர் கொண்டாடினர், ஒழுக்கம் பேசியோர் சீறினர். ஒரே நூலால் அகிகோ நாடறிந்த கவிஞரானார்.

தொட்டிலும் மேசையும்

1902 இல் மூத்த மகன் ஹிகாரு பிறந்தான். அடுத்த மகன் 1904 இல் பிறந்தான். அதே ஆண்டு ருஷியாவுடன் போர் மூண்டது. அகிகோவின் தம்பி, கடைக்கு உரியவனும் அண்மையில் மணமானவனுமாகிய இளைஞன், ஆர்தர் துறைமுக முற்றுகைப் படையில் இருந்தான். அவன் உயிருக்கு மன்றாடி அகிகோ எழுதிய நெடும்பாடல் செப்டம்பர் மாத ‘மியோஜோ’வில் வெளிவந்தது. பிறரைக் கொல்லவா பெற்றோர் பிள்ளை வளர்த்தனர் என்னும் பொருள்பட அப்பாடல் கேட்டது. பேரரசர் தாமே களம் புகுவதில்லை என்பதையும் மறைக்கவில்லை. ஓமாச்சி கெய்கெட்சு என்னும் திறனாய்வாளர் அவரை நாட்டுக்குத் துரோகம் இழைத்தவராகச் சாடினார். உள்ளத்தில் உண்மையாகத் தோன்றுவதைப் பாடுதலே கவிதை என்னும் கருத்தில் அகிகோ மறுமொழி எழுதினார்.

அப்பாடலில் பேசுபவள் தமக்கை. ஆயினும் கைக்குழந்தையை வைத்திருந்த தாயின் குரலும் அதில் இணைந்தே ஒலிக்கிறது. காதலன் ஒருவனை நோக்கியே சுழன்ற கவிதை, பிறந்த உயிர் ஒவ்வொன்றையும் யாரோ ஒருத்தி பெற்றாள் என்னும் அறிவுக்கு வந்து சேர்ந்தது. தாய்மை அகிகோவின் எழுத்தில் விளைத்த முதல் மாற்றம் இஃது எனலாம். நாட்டின் சினத்துக்கு ஆளான அத்தம்பி போரிலிருந்து உயிருடன் மீண்டான்.

1907 இல் இரட்டைப் பெண்கள் பிறந்தனர். 1908 நவம்பரில் ‘மியோஜோ’ தன் நூறாவது இதழோடு நின்றது. இயற்கைநெறி எழுத்து ஓங்கிய அக்காலத்தில் தெக்கனின் புகழும் வருவாயும் சரிந்தன. மனைவியின் புகழோ வளர்ந்தது. குடும்பச் சுமை அகிகோவின் எழுதுகோலின்மேல் ஏறியது. ஏடுகளுக்குப் பாடல், கட்டுரை, குழந்தைகளுக்குக் கதை, பாடல் திருத்தும் பணி எனக் கேட்டவர்க்கெல்லாம் எழுதிக் கொடுத்தார். 1909 இல் கோபயாஷி தென்மின் என்னும் ஒசாகா வணிகர், ‘கெஞ்சியின் கதை’ முழுமைக்கும் உரை எழுதும் பணியைப் பொருளுதவியுடன் ஒப்படைத்தார். பண்டக்கடையில் திருட்டுத்தனமாகப் படித்த நூல், பால்மா வாங்கவும் வாடகை கொடுக்கவும் துணை நின்றது.

பேறுகால அறையிலிருந்து

ஜப்பானிய மரபில் மகப்பேறு தீட்டாகக் கருதப்பட்டது; பேறுற்றவளைத் தனிக்குடிலில் ஒதுக்கிவைத்த ஊர்களும் பல. குருதியும் வலியும் உயர்ந்த கவிதைக்கு ஆகா என்பது எழுதப்படாத விதி. அகிகோ அவ்விதியை மீறினார். 1909 இல் பேறுகால அறையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, ஒவ்வொரு முறையும் பெண் உயிரைப் பணயம் வைத்தே மகவு ஈனுகிறாள் என்பதையும், அவ்வேளையில் ஆடவர் ஒதுங்கி நிற்பதையும், அப்படி நின்றவர்களே பின்னர்ப் பெண்ணை இழிவாகப் பேசுவதையும் சுட்டியது.

1911 பிப்ரவரியில் மீண்டும் இரட்டைக் குழந்தைகள். ஒன்று உயிருடனும் ஒன்று உயிரின்றியும் பிறந்தன. அகிகோவே இறப்பின் விளிம்புவரை சென்று மீண்டார். இழந்த மகவையும் பட்ட வேதனையையும் அவர் தன்காவிலும் உரைநடையிலும் எழுதினார். அவ்வெழுத்தில் தாய்மையைப் புனிதமாக்கும் குழைவு இல்லை. கணவன்மேலும், வயிற்றில் இருக்கும் மகவின்மேலும்கூட எழும் கசப்பு ஒளிக்கப்படவில்லை. ‘கலைந்த கூந்த’லில் இன்பத்தின் இடமாகப் பாடப்பட்ட உடல் இங்குத் துன்பத்தின் இடமாகப் பாடப்படுகிறது. பொருள் மாறியதே அன்றி, உடலைப் பற்றி உண்மையே கூறுவது என்னும் துணிவு மாறவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் ஹிராட்சுகா ராய்ச்சோ ‘செய்தோ’ என்னும் பெண்கள் ஏட்டைத் தொடங்கியபோது, முதல் இதழின் முதற்பக்கம் அகிகோவின் கவிதைக்கு ஒதுக்கப்பட்டது. துயின்றிருந்த பெண்ணினம் விழித்தெழுவதைப் பாடிய அக்கவிதையை எழுதியவர், ஏழு மாதங்களுக்கு முன் ஒரு மகவைப் பறிகொடுத்த தாய்.

பாரிசும் மீட்சியும்

சோர்ந்திருந்த தெக்கன் 1911 நவம்பரில் பிரான்சுக்குப் புறப்பட்டார். அப்பயணச் செலவுக்காக அகிகோ தம் பாடல்கள் நூற்றினைத் தம் கையாலேயே மடிப்புத் திரைகளில் எழுதி விற்றார். 1912 மே மாதம், ஏழு மக்களையும் கணவரின் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டுச் சைபீரிய இருப்புப்பாதை வழியே அவரும் பாரிசு சென்றார். ஐரோப்பிய நகரங்கள் பலவற்றைக் கண்டார்; சிற்பி ரோடேனைச் சந்தித்தார். எழுதும் பெண்ணுக்குக் கிடைத்தற்கரிய விடுதலை அது. ஆயினும் ஒரு சில திங்களில் பிள்ளைகளின் நினைவு அவரை வாட்டியது. வயிற்றில் மீண்டும் கரு வளர்ந்தது. கணவரை அங்கேயே விட்டு அக்டோபரில் தனியே கப்பலில் தாயகம் மீண்டார். 1913 இல் பிறந்த நான்காம் மகனுக்கு ரோடேனின் நினைவாக அகுஸ்த் என்று பெயரிட்டனர்.

இப்பயணத்தை ஒட்டிய 1912–13 ஆம் ஆண்டுகளில்தான் ‘கெஞ்சியின் கதை’யை அக்கால மொழியில் சுருக்கித் தந்த அவருடைய முதற் பெயர்ப்பு நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. எழுத்தை விட்டு மக்களிடமோ மக்களை விட்டு எழுத்திடமோ செல்லும் வழி அவருக்குத் தோன்றவில்லை. இரண்டையும் ஒரே கையால் பற்றிக்கொண்டார். அக்கை வலித்தது என்பதை மட்டும் மறைக்காமல் எழுதினார்.

தாய்மை பற்றிய வழக்கு

ஐரோப்பாவில் கண்டவை அகிகோவைச் சமுதாயக் கட்டுரையாளராக்கின. 1915 இல் தெக்கன் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். வாக்களிக்கும் உரிமையே இல்லாத அகிகோ, கல்வி, தொழில், வாக்குரிமை என ஓயாது எழுதினார். தாய்மையே பெண்ணின் நடுநாயகம் என்னும் கொள்கையை 1916 இல் மறுத்தார். தாம் தாய் மட்டும் அல்லர். மனைவி, தோழி, கவிஞர், உலகக் குடியினர் என்னும் பலவும் ஆவார் என்பதும், ஆணைத் தந்தைமையால் மட்டும் அளக்காத உலகம் பெண்ணைத் தாய்மையால் மட்டும் அளப்பது முறையன்று என்பதும் அவர் வாதம்.

1918 இல் இது பெரும் வழக்காயிற்று. மக்களைப் பெற்று வளர்ப்பது நாட்டுக்குச் செய்யும் பணியாதலின் அரசு தாயரைக் காக்க வேண்டும் என்றார் ராய்ச்சோ. ஆடவனைச் சார்ந்திருப்பதும் அரசைச் சார்ந்திருப்பதும் ஒன்றே. பொருளாதாரத்தில் தம் காலில் நிற்கும் ஆற்றல் பெற்ற பின்னரே ஆணும் பெண்ணும் மக்கட்பேற்றை நாட வேண்டும் என்றார் அகிகோ. இருவர் கூற்றும் பாதி உண்மையே, பொருளாதார அமைப்பே மாறாமல் தாய்க்கு விடிவில்லை என்றார் யமகாவா கிகுவே.

பேறுகால அறையிலிருந்து எழுந்து மறுபடியும் எழுத அமர்ந்த ஒருவர் தம் வாழ்வையே சான்றாக வைத்துப் பேசினார். அஃது அவ்வாதத்தின் வலிமை. அவ்வாற்றல் எல்லார்க்கும் வாய்க்காது, நெசவாலையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவளுக்கு எழுதுகோல் இல்லை. அஃது அதன் குறை. தம்மால் இயன்றது பிறராலும் இயலும் என எண்ணுதல் உழைப்பாளிகளுக்கு நேரும் பிழை. அகிகோவும் அதற்கு விலக்கல்லர்.

சாம்பலும் மீட்பும்

1919 இல் கடைசி மகள் பிறந்தாள். 1921 இல் நிஷிமுரா இசாகு டோக்கியோவில் நிறுவிய பூன்கா கல்விநிலையத்தில் அகிகோ தொடக்க முதலே பங்கேற்றார். ஆணும் பெண்ணும் ஒருங்கே பயின்ற பள்ளி அது. ‘கெஞ்சி’ உரைக்காகப் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த கைப்படிகள் அங்கே வைக்கப்பட்டிருந்தன. 1923 செப்டம்பர் 1 ஆம் நாள் நிகழ்ந்த பெருநிலநடுக்கத் தீயில் அவை அனைத்தும் எரிந்து சாம்பலாயின. பிள்ளைகள் உறங்கிய பின் எழுதிய இரவுகள் பத்தாண்டுக்கு மேற்பட்டவை ஒரே நாளில் அழிந்தன.

அகிகோ மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். 1935 மார்ச்சில் தெக்கன் மறைந்தார். கைம்மையின் தனிமையில் தொடர்ந்த அப்பணி, 1938–39 இல் புதிய முழுப் பெயர்ப்பாக நிறைவுற்றது. பன்னிரண்டு வயதில் தொட்ட நூலை அறுபது வயதில் முடித்து வைத்தார்.

நான்காம் மகன்

இவ்வாழ்வை வெற்றிக் கதையாக முடிக்க வரலாறு இடந்தரவில்லை. 1928 இல் மஞ்சூரியாவைக் கண்டு வந்த அகிகோவின் எழுத்து, 1930 களில் நாட்டின் போர்க்குரலோடு மெல்ல இணைந்தது. 1932 இல் வீரர்களைப் போற்றும் பாடல் எழுதினார். 1940 இல் பக்கவாதத்தால் படுக்கையுற்றார். 1942 சனவரியில் வெளிவந்த அவருடைய தன்கா ஒன்று, கடற்படை அதிகாரியாகப் போருக்குச் செல்லும் நான்காம் மகனை வீரத்தோடு போரிடுமாறு வழியனுப்புகிறது. பாரிசிலிருந்து எந்த மகனை வயிற்றில் சுமந்து ஓடிவந்தாரோ, அதே மகன். தம்பி சாகலாகாது என்று நாட்டையே எதிர்த்தவர், தாம் பெற்றவனை அந்நாட்டின் போருக்கு அனுப்பினார். அவ்வாண்டு மே 29 ஆம் நாள் அவர் மறைந்தார்.

இம்மாற்றத்தை மூடி மறைப்போர் உண்டு. இதனை மட்டுமே பேசுவோரும் உண்டு. தாய்மை ஒருவரை அறத்தின்பால் நிறுத்தியே தீரும் என்னும் எளிய நம்பிக்கையை அகிகோவின் இறுதிக் காலம் உடைக்கிறது. தாய் என்பதாலேயே ஒருவர் அமைதியின் குரலாகிவிடுவதில்லை. 1904 இல் பாடியது தாய்மை மட்டுமன்று, அஞ்சாத கவிஞரின் நெஞ்சும்கூட. அந்நெஞ்சு தளர்ந்தபோது தாய்மை தனித்து நின்று தடுக்க இயலவில்லை.

திறனாய்வாளர் பலர் இன்றும் ‘கலைந்த கூந்த’லோடு அகிகோவை முடித்துவிடுகின்றனர். காதலியின் நூல் ஒன்று. தாயின் தொகுப்புகளோ இருபதுக்கும் மேல். அப்பெரும்பகுதியைப் படியாமல் விட்டது யாருடைய விருப்பம் என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. இளமையின் கூந்தலைப் போற்றிய கைகள், அதனை அள்ளி முடிந்துகொண்டு ஒரு கையில் தொட்டிற்கயிறும் மறுகையில் எழுதுகோலுமாக அமர்ந்த பெண்ணின் நூல்களையும் பிரித்துப் பார்த்தால், அகிகோவின் வாழ்வுக்கும் கவிதைக்கும் முழு மதிப்பும் கிடைக்கும்.