கரன்ட் பில்லில் ‘டிமாண்ட் சார்ஜ்’ வந்த கதை: யார் இந்த சாமுவேல் இன்சல்?

2025 ஜூனில் சிகாகோ வீடுகளில் கரன்ட் பில் எகிறியது. காரணம் ஏ.சி. மட்டும் இல்லை. அமெரிக்காவின் 13 மாநிலங்களுக்கு மின்சாரச் சந்தை நடத்தும் பி.ஜே.எம். அமைப்பின் ஏலத்தில், மின் நிலையங்களைத் தயார் நிலையில் வைத்திருப்பதற்கான விலை ஒரே ஆண்டில் 9 மடங்கைத் தாண்டியிருந்தது. டேட்டா சென்டர்களின் தேவை அதற்கு ஒரு முக்கியக் காரணம். வீட்டில் நாலு பல்பு எரிக்கிறவர் அதற்கு ஏன் காசு கொடுக்கணும்?

இந்தக் கேள்வியின் வேர், அந்த நகருக்கு இன்றும் மின்சாரம் கொடுக்கும் காமன்வெல்த் எடிசன் கம்பெனியை உருவாக்கிய சாமுவேல் இன்சலிடம் இருக்கிறது.

1859-ல் லண்டனில், வசதி இல்லாத குடும்பத்தில் பிறந்தவர். சுருக்கெழுத்து தெரியும் என்பதால் தாமஸ் எடிசனின் லண்டன் பிரதிநிதியிடம் வேலை கிடைத்தது. 1881-ல், 21 வயதில், கப்பலேறிப் போய் எடிசனின் செயலாளர் ஆனார். 1892-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் உருவானபோது அங்கே பெரிய பதவி காத்திருந்தது. அதை உதறிவிட்டு, மூன்றில் ஒரு பங்கு சம்பளத்துக்கு சிகாகோ எடிசன் என்ற சின்ன கம்பெனியின் தலைவராகப் போனார்.

மீட்டர் காட்டாத செலவு

அங்கே அவருக்கு ஒரு தலைவலி. எல்லோரும் சாயங்காலம் ஒரே நேரத்தில் விளக்குப் போடுவார்கள். அந்த உச்ச நேரத்துக்கு ஏற்ற அளவில் மின் நிலையம் கட்டணும். மிச்ச நேரமெல்லாம் எந்திரம் சும்மா கிடக்கும். அதற்கு வாங்கிய கடனின் வட்டி மட்டும் சும்மா இருக்காது.

1894-ல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகருக்குப் போனவர், சின்னச் சின்ன கடைகளில்கூட மின்விளக்கு எரிவதைப் பார்த்து அசந்துபோனார். அந்த ஊர் மின் நிலையத்தை நடத்திய ஆர்தர் ரைட், எத்தனை யூனிட் ஓடியது என்பதோடு, ஒரே நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு இழுத்தார்கள் என்பதையும் காட்டும் மீட்டர் வைத்திருந்தார்.

இரண்டு கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 1 விளக்கு 10 மணி நேரம் எரிகிறது. இன்னொன்றில் 10 விளக்கு 1 மணி நேரம். யூனிட் ஒன்றுதான். ஆனால், இரண்டாவது கடைக்காக கம்பெனி 10 மடங்கு திறனைத் தயாராக வைக்கணும். அந்தச் செலவை அந்தக் கடையிடமே வாங்காவிட்டால், அது முதல் கடைக்காரர் தலையில்தான் விழும்.

இன்சல் இந்த முறையை சிகாகோவுக்குக் கொண்டுபோனார். தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் ஆலைகள் கே.வி.ஏ. கணக்கில் கட்டும் டிமாண்ட் சார்ஜ் இதே வம்சம்தான். 2025 ஜூலையில் ஒஹாயோ மாநில ஆணையம், ஒரு பெரிய மின் நிறுவனத்தின் பகுதியில் வரும் புதிய டேட்டா சென்டர்களுக்கு ஒரு நிபந்தனை போட்டது. கேட்ட மின்சாரத்தில் குறைந்தது 85 சதவீதத்துக்கு, பயன்படுத்தாவிட்டாலும், 12 ஆண்டுகள் வரை பணம் கட்டணும். பாதியில் கடையைக் கட்டிவிட்டுப் போனால், அவர்களுக்காகப் போட்ட லைன் செலவு வீடுகள் மேல் ஏறக் கூடாது என்பதுதான் கணக்கு.

மறுபக்கம்

அதே இன்சல்தான், சொந்தமாக மின்சாரம் தயாரித்துக்கொண்டிருந்த டிராம் கம்பெனிகளையும் ஆலைகளையும் ரொம்பக் குறைந்த விலை காட்டித் தன் பக்கம் இழுத்தார். எந்திரங்கள் நாள் முழுக்க ஓடின. வீட்டுக் கட்டணமும் சரிந்தது; இதை மறுக்க முடியாது. ஆனால், பொதுச் செலவில் பெரியவர் பங்கு எவ்வளவு, சின்னவர் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது யார்? கம்பெனியே பிரித்தால் பேரம் பேசத் தெரிந்தவருக்குத்தான் லாபம். வீட்டுக்காரருக்கு ஏது பேரம்?

1898-ல், கட்டணத்தை மாநில அரசின் ஆணையம் நிர்ணயிக்கட்டும் என்று அவரே சொன்னபோது சக முதலாளிகள் திகைத்தார்கள். பதிலுக்கு அவர் கேட்டது, போட்டியில்லாத ஏகபோகம். மக்கள் மேல் வந்த கரிசனம் என்று இதை நினைத்துவிட வேண்டாம். நகராட்சிகளே மின்சாரத்தை எடுத்து நடத்திவிடுமோ என்ற பயமும் இருந்தது. 1907-ல் நியூயார்க், விஸ்கான்சின் மாநிலங்கள் அப்படி ஆணையம் அமைத்தன.

பிறகு அவரே அதற்குச் சுற்றுவழி கண்டார். கம்பெனிக்கு மேல் கம்பெனி, அதற்கு மேல் இன்னொன்று என்று அடுக்கினார். இதுபோன்ற அடுக்குகளில், மேலே இருக்கும் கம்பெனி கீழே இருப்பதிடம் ‘சேவைக் கட்டணம்’ வாங்கும். அது கடைசியில் வீட்டு பில்லில் வந்து நிற்கும். மாநில ஆணையத்தின் கை எல்லையைத் தாண்டி நீளாது.

1932-ல் அந்த அடுக்கு சரிந்தது. பங்கு வாங்கியிருந்த சாதாரண மக்களின் சேமிப்பு கரைந்தது. கிரீஸுக்குப் போன இன்சலை 1934-ல் இஸ்தான்புல்லில் பிடித்து அமெரிக்கா கொண்டுவந்தார்கள். மூன்று வழக்குகள், மூன்றிலும் விடுதலை. அடுக்குக் கம்பெனிகளுக்குக் கடிவாளம் போடும் சட்டம் 1935-ல் வந்தது. அதை அமெரிக்க நாடாளுமன்றம் 2005-ல் ரத்து செய்துவிட்டது.

1938 ஜூலை 16 அன்று பாரிஸின் டியூலரி மெட்ரோ நிலையத்தில் ரயிலுக்குப் போனபோது மாரடைப்பில் சரிந்து இறந்தார் இன்சல். வயது 78.