விமான யந்திர மேதை ஹல்போர்ட்

பேசாலைக் கரையிலே வள்ளத்து எஞ்சின் பழுதுபட்டால், நம்மவர் அதைக் கழற்றி, பழைய எஞ்சினொன்றின் உறுப்பைப் பூட்டி, மறுபடியும் கடலுக்கு அனுப்புவதை நாம் கண்டிருக்கிறோம். அத்தொழிலை இழிவென எண்ணும் வாலிபர் அறியவேண்டியது பிராங்க் ஹல்போர்ட் என்பவரின் வாழ்க்கை வரலாறு.

இங்கிலாந்திலே நொட்டிங்ஹாம் நகரில் 1894ஆம் ஆண்டு பிறந்த இவர், கல்லூரிப் படிப்பை முடிக்காமலே விமானம் ஓட்டப் பயிலச் சென்றார். முதலாம் உலக யுத்தகாலத்தில் விமான யந்திரங்களைத் திருத்தியமைப்பதில் பெயர் பெற்றார்.

யுத்தம் முடிந்தபின், தனியார் வாங்கி ஓட்டக்கூடிய சிறு விமானமொன்றை அமைக்க ஜெப்ரி டி ஹவிலண்ட் விரும்பினார். அதற்கேற்ற யந்திரந்தான் இல்லை. இருந்தவை ஒன்றில் பாரம் மிகுந்தவை, அன்றேல் வலுக் குறைந்தவை. அவ்வேளை, யுத்தத்தில் எஞ்சிய ரெனோ யந்திரங்கள் மலிவாகக் கிடந்தன. அவற்றில் வரிசைக்கு நான்காக எட்டுச் சிலிண்டர்கள். ஹல்போர்ட் ஒரு வரிசையை மட்டும் எடுத்துப் புதிய அடிப்பெட்டியிலே பொருத்தினார். காற்றினாலே குளிரும் 60 குதிரைவலுச் 'சிரஸ்' யந்திரம் பிறந்தது. அதைப் பூட்டிய 'மொத்' விமானம் 1925 பெப்ரவரி 22இல் முதன்முதலாகப் பறந்தது.

பழைய யந்திரங்கள் தீர்ந்துவரவே, 1927இல் முற்றிலும் புதிதான 'ஜிப்சி' யந்திரத்தை வகுத்தார். 1930இல் ஏமி ஜோன்சன் என்னும் மங்கை இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்தது அந்த யந்திரத்தை நம்பியே. பின்பு ஹல்போர்ட் சிலிண்டர்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டார். ஓட்டுபவருக்கு முன்பக்கம் மறைவின்றித் தெரிந்தது. அத்தகைய யந்திரம் பூட்டிய 'பஸ் மொத்' விமானத்திலேதான் 1932இல் ஜே. ஆர். டி. தாதா கறாச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். 1935 நவம்பரில் இரத்மலானை விமான நிலையத்தில் முதன்முதலாக இறங்கியதும், சென்னையிலிருந்து வந்த ஒரு பஸ் மொத் விமானமே.

பிற்காலத்தில் ஜெட் யந்திரங்களையும் அமைத்த இப்பெரியார் 1955இல் காலமானார்.

படிப்பு வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. நாமும் பட்டத்துக்குப் படிப்பவர்களே. ஆயினும், கையில் அழுக்குப் படாத படிப்பு அரைப் படிப்பே. யுத்தம் விட்டுச்சென்ற இரும்பிலே தபால் சுமக்கும் சிறகுக்கு வலுவைக் கண்டவர் ஹல்போர்ட். யுத்தத்தால் நலிந்த மன்னார் மண்ணில் வளர்ந்த நாம், நம் கரையில் துருப்பிடித்துக் கிடப்பவற்றில் எதைக் காணப்போகிறோம்? பெரியோர் வழிகாட்டட்டும், வாலிபர் கைவைக்கட்டும்.