ஜிந்த் கவுர்

மகாராணி ஜிந்த் கவுர் (1817 - ஆகஸ்ட் 1, 1863) சீக்கியப் பேரரசர் ரஞ்சித் சிங்கின் மனைவியும், அப்பேரரசின் கடைசி மன்னர் துலீப் சிங்கின் தாயாரும் ஆவார். ராணி ஜிந்தன் எனவும் அழைக்கப்பட்டார்.

ஆட்சிப் பொறுப்பு

1839 இல் ரஞ்சித் சிங் இறந்தபின் எழுந்த வாரிசுரிமைப் போட்டியில் அரச குடும்பத்தினர் பலர் கொல்லப்பட்டனர். 1843 இல் ஐந்து வயதான துலீப் சிங் லாகூரில் அரியணை ஏறினார். மகன் சார்பில் ஜிந்த் கவுர் ஆட்சியை நடத்தினார். முதலாம் ஆங்கிலேய-சீக்கியப் போரில் (1845-1846) சீக்கியர் தோல்வியுற்றனர். டிசம்பர் 1846 இல் ஏற்பட்ட பைரோவால் உடன்படிக்கை, அவரை ஆட்சியிலிருந்து விலக்கி, ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் ஓய்வூதியம் மட்டும் அளித்தது. பிரித்தானிய ரெசிடெண்டின் கீழ் இயங்கிய குழுவிடம் அதிகாரம் சென்றது.

பிரிவும் இறுதிக் காலமும்

1847 இல் மகனிடமிருந்து பிரிக்கப்பட்டு சேக்குபுராக் கோட்டையிலும், பின்னர் சுனார் கோட்டையிலும் சிறைவைக்கப்பட்டார். 1849 இல் ஆங்கிலேயர் பஞ்சாபைத் தம் ஆட்சிப் பகுதியுடன் இணைத்தனர். அதே ஆண்டில் இவர் பணிப்பெண் வேடத்தில் தப்பி நேபாளத்தில் அடைக்கலம் புகுந்தார். 1861 இல் கல்கத்தாவில் தாயும் மகனும் மீண்டும் சந்தித்தபோது, இவர் பார்வை மங்கியிருந்தார். துலீப் சிங் கிறித்தவராகி இங்கிலாந்தில் வாழ்ந்துவந்தார். மகனுடன் லண்டன் சென்று அங்கேயே காலமானார். 1864 இல் உடல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு எரியூட்டப்பட்டது. 1886 இல் துலீப் சிங் சீக்கிய சமயத்திற்குத் திரும்பினார்.