மரத்தில் துயர் கண்ட சிற்பி

கலைஞனுக்கு அரசியல் எதற்கு என்று கேட்போர் உண்டு. அவர்கள் ஜெர்மானிய மரச்சிற்பி டில்மன் ரீமன்ஷ்னைடரின் வாழ்வை அறிய வேண்டும்.

1483இல் வூர்ட்ஸ்பர்க் நகரில் குடியேறினார் அவர். பொற்கொல்லர் ஒருவரின் விதவையை மணந்து, 1485இல் பட்டறைத் தலைவரானார். மரச்சிலைகளுக்கு வண்ணமும் பொன்னும் பூசுவது அக்கால வழக்கம். அவரோ பல சிலைகளை வண்ணம் பூசாமலே விட்டார். வண்ணத்தின் வேலையை ஒளியும் நிழலும் செய்தன! ரோத்தன்பர்க் தேவாலயத்தில் இயேசு பெருமானின் இறுதி விருந்தைக் காட்டும் அவரது பலிபீடம் இன்றும் நிற்கிறது.

புகழ் வளர்ந்தது. நகரை ஆண்ட ஆயர்கள் இருவரின் கல்லறைச் சிலைகளையும் அவரே செதுக்கினார். 1520இல் நகரத் தலைவருமானார்.

1525இல் உழவர்கள் பிரபுக்களை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள்மீது படையெடுக்க நகரமன்றம் மறுத்தது. மறுத்தவருள் ரீமன்ஷ்னைடரும் ஒருவர். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. யாருடைய முன்னோர்க்குச் சிலை வடித்தாரோ, அந்த ஆயரின் மலைக்கோட்டையிலேயே எட்டு வாரம் சிறை, சித்திரவதை, சொத்தில் ஒரு பகுதி பறிமுதல். கைகளையும் முறித்தனர் என்பது கதை, சான்று இல்லை. ஆனால் அதன்பின் பெரும்பணி எதுவும் அவரைத் தேடி வரவில்லை. 1531இல் மறைந்தார்.

மரத்தில் மனிதத் துயரைக் கண்டவர், மண்ணில் கண்ட துயருக்கு முகம் திருப்பவில்லை. கலைஞனுக்கு அரசியல் எதற்கு என்று இனியும் கேட்கலாமா?