ஸ்டான்லி ஹூக்கர்

சர் ஸ்டான்லி ஜார்ஜ் ஹூக்கர் (செப்டம்பர் 30, 1907 – மே 24, 1984) இங்கிலாந்தைச் சேர்ந்த கணிதவியலாளரும் வானூர்திப் பொறி வல்லுநரும் ஆவார். இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் முதலிய வானூர்திகளை இயக்கிய ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் பொறியின் சூப்பர்சார்ஜரை மேம்படுத்தும் பணிக்குத் தலைமை வகித்தவர். பொறிக்குள் செல்லும் காற்றை அழுத்தினால் மட்டும் போதாது, அது சூடேறாமலும் காக்க வேண்டும் என்பதே அப்பணியின் அடிப்படையாக இருந்தது. போருக்குப் பின்னர் பல புகழ்பெற்ற தாரைப் பொறிகளின் உருவாக்கத்திலும் இவர் முதன்மைப் பங்காற்றினார்.

பிறப்பும் கல்வியும்

ஹூக்கர் கென்ட் மாவட்டத்தில் ஷெப்பி தீவிலுள்ள ஷீர்னெஸ் என்னும் ஊரில் பிறந்தார். உதவித்தொகை பெற்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கணிதம் பயின்றார். பாய்மங்களின் இயக்கம் பற்றிய கணிதத்தில் இவருக்குப் பெரும் ஈடுபாடு ஏற்பட்டது. பின்னர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பிரேசனோஸ் கல்லூரியில் காற்றியக்கவியலில் ஆய்வு செய்து 1935 ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். அதன் பின் பிரித்தானியக் கடற்படைத் துறையின் ஆய்வுப் பிரிவில் பணியாற்றினார்.

ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தில்

1938 ஜனவரியில் ஹூக்கர் டார்பி நகரிலுள்ள ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு பொது மேலாளராக இருந்த எர்னஸ்ட் ஹைவ்ஸ் இவரைப் பணியமர்த்தினார். தொடக்கத்தில் இவருக்கெனத் தனி வேலை எதுவும் ஒதுக்கப்படவில்லை. அந்நாட்களில் மெர்லின் பொறியின் சூப்பர்சார்ஜர் சோதனை முடிவுகள் இவர் பார்வைக்கு வந்தன. அவற்றைத் தம் கணித அறிவைக் கொண்டு ஆராய்ந்து, கருவியின் திறனை மேலும் உயர்த்த முடியும் என்று காட்டினார். அதன் விளைவாகச் சூப்பர்சார்ஜர் மேம்பாட்டுப் பொறுப்பு இவரிடமே ஒப்படைக்கப்பட்டது.

காற்று நுழையும் குழாயின் வளைவு சரியான வடிவில் இல்லாததால் காற்றோட்டம் தடைப்படுவதை ஹூக்கர் கண்டறிந்தார். அவ்வளைவு மாற்றியமைக்கப்பட்டது, சுழலியும் அதனைச் சூழ்ந்த பகுதிகளும் திருத்தப்பட்டன. இம்மேம்பாடுகள் மெர்லின் 20, மெர்லின் 45 ஆகிய பொறிகளில் இடம்பெற்றன. மெர்லின் 45 பொருத்தப்பட்ட ஸ்பிட்ஃபயர் 5 வானூர்திகள் 1941 இல் போர்ப்பணிக்கு வந்தன.

வெப்பம் என்னும் இடர்

உயரே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறைகிறது. எனவே பொறிக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைந்து ஆற்றல் வீழ்கிறது. சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தி இக்குறையை ஈடு செய்கிறது. ஆனால் அழுத்தப்படும் எந்தக் காற்றும் சூடாகும். சூடான காற்று விரிவடைவதால் அழுத்தத்தினால் கிடைத்த பயனில் ஒரு பகுதி இழக்கப்படும். அத்துடன், சிலிண்டருக்குள் எரிபொருட் கலவை உரிய முறையில் எரியாமல் வெடித்து இடிக்கும். நாக்கிங் எனப்படும் இந்நிகழ்வு உந்துதண்டுகளைச் சேதப்படுத்தக் கூடியது. எனவே சூப்பர்சார்ஜரின் திறனை உயர்த்துவது, வீணாகும் வெப்பத்தைக் குறைப்பதும் ஆகும்.

மெர்லின் பொறியில் கார்புரேட்டர், சூப்பர்சார்ஜருக்கு முன்னால் அமைந்திருந்தது. எரிபொருள் ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு, அதன் வெப்பநிலையை ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸ் தணித்தது. எரிபொருளைச் சிலிண்டருக்குள் நேரடியாகச் செலுத்திய ஜெர்மானியப் பொறிகளுக்கு இந்த நன்மை கிட்டவில்லை. ஆயினும் இதற்கு ஒரு விலை இருந்தது. வானூர்தி திடீரென மூக்கைத் தாழ்த்தும்போது மெர்லினின் எரிபொருள் ஓட்டம் சீர்கெட்டுப் பொறி தடுமாறியது. ஜெர்மானிய விமானிகள் இதனைப் பயன்படுத்தித் தப்பினர். 1941 இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்னும் பொறியியலாளர் உருவாக்கிய எளிய வளையம் இக்குறையைப் பெருமளவு தணித்தது.

மெர்லின் 61

உயரப் பறக்கும் வெலிங்டன் குண்டுவீச்சு வானூர்திக்காக, ஒன்றன்பின் ஒன்றாக இரு சுழலிகள் காற்றை அழுத்தும் இரட்டைநிலை சூப்பர்சார்ஜரை ஹூக்கர் குழுவினர் உருவாக்கினர். இதில் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் உயரக்கூடும் என்பதால், குளிர்விக்காமல் அதனைப் பயன்படுத்த இயலவில்லை. ஆகவே இரு நிலைகளுக்கும் இடைப்பட்ட உறையில் குளிர்நீர்மம் ஓடும் வழிகள் அமைக்கப்பட்டன. இரண்டாம் நிலைக்கும் சிலிண்டர்களுக்கும் நடுவே இன்டர்கூலர் எனப்படும் குளிர்விப்பான் வைக்கப்பட்டது. இதற்கெனத் தனி நீர்ம ஓட்டமும் எக்கியும் ரேடியேட்டரும் தேவைப்பட்டன.

1941 இலையுதிர் காலத்தில் ஜெர்மனியின் ஃபோக்கே-உல்ஃப் 190 போர்முனைக்கு வந்தது. அதன் முன் ஸ்பிட்ஃபயர் 5 பின்தங்கியது. பிரித்தானிய விமானிகள் பலர் உயிரிழந்தனர். இந்நிலையில் குண்டுவீச்சு வானூர்திக்காக எண்ணப்பட்ட பொறியை ஸ்பிட்ஃபயரில் பொருத்த முடிவாயிற்று. மெர்லின் 61 பொருத்திய ஸ்பிட்ஃபயர் 9 வானூர்திகள் 1942 நடுப்பகுதியில் பணியில் சேர்ந்தன. மணிக்கு ஏறத்தாழ 600 கி.மீ. ஆக இருந்த உச்ச வேகம் 650 கி.மீ.ஐத் தாண்டியது. பொறியின் கொள்ளளவோ முன்பு போலவே 27 லிட்டராகத்தான் இருந்தது. இவ்வகைப் பொறிகள் அமெரிக்காவில் பேக்கார்டு நிறுவனத்தாலும் உற்பத்தி செய்யப்பட்டு மஸ்டாங் வானூர்திகளில் பொருத்தப்பட்டன.

தாரைப் பொறிகள்

1940 இல் ஹூக்கர், தாரைப் பொறியின் முன்னோடியான ஃபிராங்க் விட்டிலைச் சந்தித்தார். விட்டிலின் பொறியிலிருந்த காற்றழுத்தி, பெரிய அளவிலான சூப்பர்சார்ஜரை ஒத்திருந்ததால் அதன் மதிப்பை உடனே உணர்ந்தார். 1943 தொடக்கத்தில் அப்பணி ரோவர் நிறுவனத்திடமிருந்து ரோல்ஸ்-ராய்சுக்கு மாறியது. ஹூக்கர் பார்னோல்ட்ஸ்விக் நகரில் அதற்குப் பொறுப்பேற்றார். வெல்லண்ட், டெர்வென்ட், நீன் ஆகிய பொறிகள் அங்கு உருவாயின. 

ஹைவ்சுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1949 இல் விலகி பிரிஸ்டல் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு புரோட்டியஸ், ஒலிம்பஸ், ஆர்ஃபியஸ், பெகாசஸ் பொறிகளின் உருவாக்கத்தில் பங்கேற்றார். ஒலிம்பசின் வழிவந்த பொறி கான்கார்டு வானூர்தியிலும், பெகாசஸ் செங்குத்தாக எழும்பும் ஹாரியர் வானூர்தியிலும் பயன்பட்டன. இந்திய விமானப்படையின் நேட், மாருத் வானூர்திகளில் இருந்தவை ஆர்ஃபியஸ் பொறிகளாகும்.

மீண்டும் டார்பியில்

ஆர்பி211 பொறியின் மேம்பாட்டுச் செலவால் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் 1971 பிப்ரவரியில் நொடித்து அரசுடைமையானது. ஓய்வு பெற்றிருந்த ஹூக்கர் திரும்பி வந்து தொழில்நுட்ப இயக்குநராகப் பொறுப்பேற்று, ஓய்விலிருந்த பழைய பொறியியலாளர் சிலரையும் அழைத்துக்கொண்டார். குறைகள் களையப்பட்ட ஆர்பி211, 1972 இல் டிரைஸ்டார் பயணிகள் வானூர்தியில் சேவைக்கு வந்தது.

சிறப்புகளும் மறைவும்

1962 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்வு பெற்ற ஹூக்கர், 1974 இல் சர் பட்டம் பெற்றார். தாம் பெரிய பொறியியலாளர் அல்லர் என்று பொருள்படும் தலைப்புடன் அவர் எழுதிய தன்வரலாறு 1984 இல் வெளியானது. அவ்வாண்டு மே 24 அன்று காலமானார்.

தாக்கம்

ஹூக்கர் குழுவினர் எதிர்கொண்ட அதே இயற்பியல் விதி சூப்பர்சார்ஜர் பொருத்திய மகிழுந்துகளுக்கும் பொருந்தும். சாதாரண வெப்பநிலையில் உள்ளிழுக்கும் காற்று 3 டிகிரி சூடேறினால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 1 விழுக்காடு குறையும். சூப்பர்சார்ஜருக்கு முன் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் அழுத்தத்திற்குப் பின் ஒரு டிகிரிக்கு மேலாகப் பெருகும். இதனாலேயே காற்று வடிகட்டியைப் பொறியின் வெப்பத்திலிருந்து தடுப்புத் தகட்டால் மறைத்தல், காற்றை வண்டியின் முகப்பிலிருந்து குழாய் வழியே கொணர்தல், அழுத்திய பின் இன்டர்கூலரால் குளிர்வித்தல் ஆகிய முறைகள் கையாளப்படுகின்றன.